பள்ளத்தாக்கில் கருப்புச்சாமியைக் கூப்பிட்டேன்

என் கணவர் பாறையில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வெறும் தண்ணீராக வந்தது. இப்போது அதுவும் வரவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முந்தைய ஆண்டுதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

நாங்கள் இருந்தது மதுரையில் இல்லை. அமெரிக்காவில், ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கின் உள்ளே. அண்ணாந்து பார்த்தால் சிவப்புப் பாறைச் சுவர். குனிந்து பார்த்தாலும் சிவப்புப் பாறைச் சுவர். உச்சி வெயில். செல்போனில் சிக்னல் இல்லை. பாதையில் மேலேயும் ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை.

"ஏங்க, எங்க இருக்கோம், தெரியுதா?" என்று அவர் முகத்தைத் தூக்கிப் பிடித்துக் கேட்டேன்.

"மார்க்கெட்டுல," என்றார். "திண்டுக்கல் லோடு வந்துருச்சா?"

இதுதான் கடைசி என்று நினைத்தேன். இவரை இங்கே கூட்டிவந்து நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்று அவர் பரவை மார்க்கெட்டில் தன் காய்கறிக் கடையில் நின்று யாருடனோ விலை பேசிக்கொண்டிருக்கிறார். நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் என்ன நடந்தது என்று எங்கள் குலசாமி கோயில் விழா மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பங்காளி வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். ஆண்கள் யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை. அவர்களும் படிக்கட்டும்.

என் பெயர் ஜெயந்தி. பிறந்தது செல்லூரில். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். அப்படி வளர்ந்த தொண்டை இது. பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அதனால் மெதுவாகப் பேச எனக்கு வராது.

என் கணவர் தவமணி, எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்களுடைய குலசாமி கருப்பு. ஊரின் மேற்கு எல்லையில், கடைசிக் காட்டை ஒட்டி, கையில் அரிவாளோடு நிற்கிறார். அவருடைய அண்ணன்தான் பூசாரி. நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் இருக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு என் கணவரை எல்லோரும் சேர்ந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மாடி ஏறாதே. கடைக்குப் போகாதே. உப்புத் தொடாதே. சத்தமாகச் சிரிக்காதே என்றுகூட ஒருத்தி சொன்னாள். முப்பது ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து மார்க்கெட்டுக்கு ஓடிய மனிதர், பகலெல்லாம் டிவியைப் பார்த்தபடி இருந்தார். டிவி ஓடாத நேரத்திலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்றால் "ம்". தூங்கினீர்களா என்றால் "ம்". ஆள் உயிரோடு இருந்தார். அவ்வளவுதான்.

நடங்கள் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் காலையில் அவருடைய செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டேன். "எந்திரிங்க," என்றேன். கண்மாய்க் கரையில் அரைச் சுற்றில் ஆரம்பித்தோம். அன்றைக்கு வழியில் நான்கு தடவை உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் உட்காராமல் நான்கு சுற்று வந்தோம்.

எங்கள் மகன் கதிர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, நண்பர்களோடு போய்வந்த ஒரு பள்ளத்தாக்கின் படங்களைக் காட்டினான். பாலைவனத்தில் பூமி பிளந்து கிடந்தது. அதற்குள் கயிறு மாதிரி ஒரு பாதை வளைந்து வளைந்து இறங்கியது. என் கணவர் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார்.

"டேய், இதுக்குள்ள நடந்து போகலாமா?"

ஓராண்டில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. கல்யாணமாகி இருபத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. கல்யாணமான மறுவாரம் கொடைக்கானல் போவதாக இருந்தது. தக்காளி லாரி கவிழ்ந்துவிட்டது என்று அவர் ஓடினார். அதோடு சரி. பழனி, திருச்செந்தூர் எல்லாம் போயிருக்கிறோம். ஒரு வேனில் இருபது பேர், பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் சண்டை. அதை ஊர் சுற்றல் என்று யார் சொல்வார்கள்?

புறப்படும் முன் குலசாமியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுமலைக்குப் போனோம். பெரிய மாமா கேட்டதும் கொதித்துவிட்டார்.

"அவன் நெஞ்சுல கம்பிய வச்சுக்கிட்டு இருக்கான். அவனப் போயி மலைப் பள்ளத்துக்குள்ள எறக்கப் போறியா?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு மாமா. கெதியா, தெம்பாத்தான் நடக்குறாரு இப்ப."

"டாக்டரு கெடக்காரு. நம்ம கருப்பு எல்லைச் சாமி. எல்லைக்குள்ளதான் அவரு காவலு. கடல் தாண்டிப் போயிட்டு நீ எம்புட்டுக் கத்துனாலும் அவரு வர மாட்டாரு, தெரிஞ்சுக்க. இவனுக்கு உசுரு திரும்புனதே அவரால. அதுக்குக் கிடா வெட்டக்கூட இல்ல. அதுக்குள்ள ஊர் சுத்தப் போறாகளாம்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கூட்டிப் போகிறவள் நான்தானே.

"அவரு வர்றதும் வராததும் அவரு இஷ்டம் மாமா," என்றேன். "போறது எங்க இஷ்டம்."

காரில் ஏறிய பிறகு என் கணவர், "நல்லாச் சொன்ன," என்றார்.

புரட்டாசியில் போய்ச் சேர்ந்தோம். மகன் வீட்டில் பத்து நாள் இருந்தோம். பிறகு பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள ஒரு விடுதியில் எங்கள் இருவருக்கும் அறை போட்டுக் கொடுத்தான். அவனுக்கு வேலை இருந்தது. இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "அப்பா, மேல நின்னு பாருங்க. அதுவே போதும். உள்ள எறங்காதீங்க," என்றான். சரி என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். அவன் கார் மறைந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அன்று மாலை விளிம்பில் நின்றோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாறை, அடுக்கடுக்காக, சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல வந்தவள் தன் தப்பை மறைக்கக் கூடாது.

விடியும்போதே இறங்கியிருக்க வேண்டும். நாங்கள் காபி குடித்து, படம் எடுத்து, எட்டரைக்குத்தான் இறங்கினோம். பாதித் தூரத்தில் குடிதண்ணீர்க் குழாய் உள்ள இடம் வந்தது. பெரும்பாலானவர்கள் அங்கேயே திரும்பினார்கள். இதைத் தாண்டிக் கீழே போக வேண்டாம் என்று பலகையும் இருந்தது. அவர், "இன்னும் ஒரே ஒரு வளைவு," என்றார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வளைவு மூன்று வளைவானது. பிறகு பிரதான பாதையை விட்டு ஒரு கிளைப் பாதையில் இறங்கினோம். அங்கே ஆள் நடமாட்டமே இல்லை.

வெயிலுக்குப் பயந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். வேண்டாம் என்றாலும் கொடுத்தேன். சாப்பிட ஓர் ஆப்பிள் மட்டும். உப்பு ஆகாது என்று, மகன் வாங்கிக் கொடுத்த தீனிப் பொட்டலம் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன்.

திரும்பி ஏறத் தொடங்கியபோதுதான் அந்த இடம் தன் சுபாவத்தைக் காட்டியது. மலை என்றால் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே தலைகீழ். களைத்த பிறகுதான் ஏற்றம் வருகிறது. பாறைச் சுவர் அடுப்பு மாதிரி அனலை வீசியது. அவர் தலை வலிக்கிறது என்றார். கால் தடுமாறியது. உட்கார்ந்தார். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

அவரை நிழலுக்கு நகர்த்தப் பார்த்தேன். முடியவில்லை. விட்டுவிட்டு ஓடி ஆள் தேடலாமா? இவர் எழுந்து எங்காவது நடந்தால்? ஒரு பக்கம் முழுக்கப் பாதாளம். என் முந்தானையை அவர் தலைக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வாய்க்குள்ளேயே கும்பிட்டேன். கருப்பா, காப்பாற்று. கருப்பா, காப்பாற்று. என் காதுக்குள் கேட்டதெல்லாம் பெரிய மாமாவின் குரல்தான். நீ எம்புட்டுக் கத்துனாலும் அவரு வர மாட்டாரு.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோபம்தான் முழுக்க. பெரிய மாமா மேல் இல்லை. சாமி மேல். நிமிர்ந்து நின்று கத்தினேன்.

"கருப்பா! உன் எல்லை எதுய்யா? எழுமலையோட முடிஞ்சுபோச்சா உன் காவலு? இந்தா உன் பிள்ளை கெடக்கான். இவன் கெடக்குற எடம்தான் உன் எல்லை! வந்து நில்லு! கிடா நேர மாட்டேன். மணி கட்ட மாட்டேன். எதுவும் நேர மாட்டேன். இருபத்தொம்பது வருசம் கும்பிட்டதுக்கு வா! வரலைன்னா ஊருக்கு வந்து உன் வாசல்லயே நின்னு கேப்பேன். வாய்யா! கருப்பா!"

பாறைச் சுவரில் மோதி என் குரல் எனக்கே திரும்பி வந்தது. கருப்பா, கருப்பா, கருப்பா என்று பள்ளத்தாக்கு முழுக்க ஓடியது. திரும்பவும் கத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அழுதேன்.

அப்போது கீழேயிருந்து ஒரு விசில் கேட்டது.

மூன்று தடவை. விட்டு விட்டு. முப்பது ஆண்டுகள் விசில் ஊதியவள் நான். பறவைச் சத்தமா விசிலா என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் விரல்களை வாயில் வைத்துத் திருப்பி ஊதினேன்.

கால் மணி நேரத்தில் பாறை மறைவிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை முடி, பெரிய தொப்பி, முதுகில் பெரிய பை. அந்தப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் தன்னார்வலராக ரோந்து வருபவர். ஓய்வு பெற்ற நர்ஸ். வந்ததும் வேறெதுவும் பேசவில்லை. என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார். நெஞ்சு வலிக்கிறதா? கை வலிக்கிறதா? எவ்வளவு தண்ணீர் குடித்தார்? என்ன சாப்பிட்டார்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முதலில் செய்த காரியம், என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கீழே வைத்ததுதான்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் கணவரைப் பாறை நிழலுக்கு இழுத்தோம். அந்த அம்மா அவர் சட்டையை நனைத்துப் போட்டுவிட்டார். வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். வாந்தி நின்றதும் பையிலிருந்து உப்புப் பிஸ்கட்டை எடுத்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். "ஹார்ட் பேஷன்ட். நோ சால்ட்," என்றேன். அவர் என் கையை மெல்ல விலக்கினார். உடம்பில் இருந்த உப்பை எல்லாம் வியர்வையும் தண்ணீரும் கழுவிவிட்டன, இப்போது இவருக்கு உப்புதான் மருந்து என்று நிறுத்தி நிறுத்தி எனக்குப் புரியும்படி சொன்னார். சிறிது சிறிதாக உடைத்து ஊட்டினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு மருத்துவ உதவியாளர் இறங்கி வந்தார். கையில் ஒரு சின்ன மெஷின். என் கணவரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். பிறகு நிமிர்ந்து, இதயம் ஒழுங்காக இருக்கிறது என்றார்.

என் கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்வை தெளிந்திருந்தது.

"ஜெயந்தி, தொண்டை என்னாச்சு? தண்ணி குடி," என்றார்.

கேட்டிருக்கிறார். மார்க்கெட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கிடந்தவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. "மச்சான்," என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவேன். இடையில் எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை.

பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன், நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள் என்று. அன்று அவர் இந்தக் கிளைப் பாதைக்கு வருவதாகவே இல்லையாம். கீழே பாதை பிரியும் இடத்தில் இளைப்பாறிவிட்டு, வேறு பக்கமாகப் போக எழுந்திருக்கிறார். அப்போதுதான் குரல் கேட்டது. "வார்த்தை புரியவில்லை. யாரையோ திட்டுகிறீர்கள் என்று மட்டும் புரிந்தது. யாரைத் திட்டினீர்கள்?" என்று கேட்டார்.

"எங்க சாமிய," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மெதுவாகக் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது என்றார்.

ஹெலிகாப்டர் கூப்பிடலாமா என்று அவர்கள் பேசினார்கள். என் கணவர் எழுந்து நின்றார். "நடந்து எறங்குனேன். நடந்தே ஏறுறேன்," என்றார். பல தடவை பரிசோதித்து, பாதையில் நிழல் விழுந்த பிறகே சம்மதித்தார்கள். நான்கு பேரும் ஏறினோம். பத்து நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு. சூரியன் விழும் நேரத்தில் விளிம்பை மிதித்தோம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. இரத்தத்தில் உப்புக் குறைந்துபோனதுதான் காரணம், இதயம் இல்லை என்றார்கள். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கதிர் ஓடிவந்து முதலில் அழுதான். பிறகு திட்டினான். இரண்டையும் வாங்கிக்கொண்டோம்.

ஊருக்கு வந்தால் செய்தி எங்களுக்கு முன்னே வந்திருந்தது. பார்த்தாயா, சொன்னோமே என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். சாமி கொடுத்த தண்டனை என்றார்கள். நான் விளக்கம் சொல்லவில்லை. மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடியபோது, நடந்ததை நின்று சொன்னேன். இதே தொண்டையில்தான். கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

பெரிய மாமா, "ஒரு வெள்ளக்காரம்மா வந்து பிஸ்கட்டு குடுத்துருக்கா. இதுல கருப்பு எங்க வந்தாரு?" என்றார்.

"போன வருசம் ஆஸ்பத்திரில இவரக் காப்பாத்துனது கருப்புன்னு நீங்கதான மாமா சொன்னீங்க? அங்க கம்பி வச்சது டாக்டரு. ஊசி போட்டது நர்ஸம்மா. அப்ப மட்டும் கருப்பு வந்தாரு, இப்ப வரலையா?"

மாமா எழுந்து போய் பூஜையை ஆரம்பித்தார். திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். என் கணவருக்குப் பூசினார். என் முன்னால் தட்டை நீட்டாமல் நகர்ந்தார். நான் கையை நீட்டி எடுத்துப் பூசிக்கொண்டேன். அவரும் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

என் கணவர் இப்போது தினமும் கடைக்குப் போகிறார். மாத்திரையும் உப்பு அளவும் டாக்டர் பார்த்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது நடக்கப் போகிறோம். நாகமலை முழுக்க நடந்தாயிற்று. விடியுமுன் புறப்படுகிறோம். பையில் சாப்பாடு இருக்கிறது, உப்பு இருக்கிறது, விசில் இருக்கிறது. சாமி வருவார் என்பதற்காக நாம் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தம்பி முப்பத்தொன்பது வயதில் போய்விட்டான். அவனுக்காகவும் கூப்பிட்டேன். அவன் பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கருப்பிடம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை என்பதற்காகக் கேட்பதை நிறுத்தவும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் கூப்பிட்டேன், வந்தார். கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. நன்றி கெட்டவளாக இருக்கவும் முடியாது.

ஆகவே இதைப் படிக்கும் அக்கா தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பீர்கள். மொழி தெரியாத ஊரில் பிள்ளைக்காகக் காத்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருப்பீர்கள். இது சாமி வரும் இடமா, இப்படிக் கூப்பிடலாமா, நான் கூப்பிடலாமா என்று யோசிக்காதீர்கள். கூப்பிடுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடுங்கள். நம்மைப் பெற்றவரிடம் பேசுகிற மாதிரி உரிமையோடு கேளுங்கள். யாராவது தடுத்தால், முதலில் கூப்பிட்டு முடியுங்கள். அவர்களுக்குப் பதில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.